இரண்டடி நீட்டிய பால்கனி

மார்ச் 3

ஆர்க்கிடெக்ட் தம்பிக்கு,

மேஸ்திரி வீட்டிலிருந்து எழுதுகிறேன். அவர் போய் இன்றைக்கு முப்பத்தெட்டு நாள்.

நாலு நாளாக உங்கள் ஆபீசுக்கு வந்து திரும்பிப் போகிறேன். நீங்கள் மீட்டிங்கில் இருப்பதாக முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் சொல்கிறாள். இன்றைக்கு அவளுக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. குடிக்கத் தண்ணீர் கொடுத்து, எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் அக்கா என்று பேப்பரும் பேனாவும் தந்தாள். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். தப்பு இருந்தால் தள்ளிவிட்டுப் படியுங்கள்.

விஷயம் அவர் கடைசியாகக் கட்டிக்கொண்டிருந்த கண்ணாடி வீட்டைப் பற்றியது. முன்பக்கத்து பால்கனிக்கு அடியில் தாங்கி நிற்கிற முட்டுகளை வருகிற 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை எடுக்கச் சொல்லியிருக்கிறீர்களாம். என் கொழுந்தன் சாப்பிடும்போது சொன்னான். அண்ணன் இடத்தில் இப்போது அவன்தான் ஆட்களை வைத்து வேலை பார்க்கிறான், உங்களுக்குத் தெரியும். எடுக்காதே என்றேன். "காங்கிரீட் போட்டு ரெண்டு மாசம் ஆகப்போகுது அண்ணி. இன்னும் முட்டுக் குடுத்து வச்சிருந்தா பாக்கறவன் சிரிப்பான்" என்கிறான். உங்களுக்கு மனசு சரியில்லை, கொஞ்ச நாள் உங்கள் அக்கா வீட்டில் போய் இருங்கள் என்கிறான்.

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவர் என்னிடம் சொன்னது இதுதான். நான் சொல்கிற வரைக்கும் அந்த முட்டுகளில் யாரும் கை வைக்கக் கூடாது என்றார். இரண்டு தடவை சொன்னார். எப்போது எடுக்கலாம் என்று சொல்லாமலே போய்விட்டார்.

கொழுந்தன் என் பேச்சைக் கேட்க மாட்டான். நீங்கள் சொன்னால் கேட்பான். தேதியைத் தள்ளி வையுங்கள்.

மேஸ்திரி வீட்டு அண்ணி

*

மார்ச் 5

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் கணவரின் மறைவு எங்கள் அலுவலகத்துக்கும் பேரிழப்பு. பதினோரு ஆண்டுகளில் எங்களுடைய ஒன்பது வீடுகளைக் கட்டியவர் அவர்.

முட்டுகள் குறித்து: பால்கனியின் காங்கிரீட் ஜனவரி 9 அன்று போடப்பட்டது. அன்று எடுத்த மாதிரிக் கட்டிகள் சோதனையில் நல்ல பலம் காட்டியுள்ளன. இத்தகைய தளத்துக்கு இருபத்தெட்டு நாட்களே போதும். நாம் அறுபது நாட்களைத் தாண்டப் போகிறோம். முட்டுகள் நிற்பதால் கீழே கல் பதிக்க முடியவில்லை. வீட்டு உரிமையாளர் ஏப்ரல் 5 அன்று குடி வருகிறார். 8ஆம் தேதி ஒரு கட்டடக்கலைப் பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வருகிறார்கள். ஒரு தூணும் இல்லாமல் காற்றில் நிற்கும் அந்த பால்கனிதான் இந்த வீட்டின் முகம்.

இழப்பின் நேரத்தில் இத்தகைய அச்சங்கள் எழுவது இயல்பு. தயவுசெய்து ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள். வேலை குறிப்பிட்ட தேதியில் நடக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
ஆர்க்கிடெக்ட்

*

மார்ச் 7

சாருக்கு,

அண்ணி அண்ணி என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அம்மா அவர்களுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, நானும் சார் என்றே எழுதுகிறேன்.

நான் அச்சப்பட்டு எழுதவில்லை. பதினேழு வருஷம் அவர் கட்டின தளத்துக்கெல்லாம் தண்ணீர் விட்டவள் நான். எந்தத் தளம் எத்தனை நாள் ஊற வேண்டும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும்.

நேற்று சாயங்காலம் வேலை முடிந்து ஆட்கள் போன பிறகு கண்ணாடி வீட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் என்னைத் தெரிந்தவர், கேட்டைத் திறந்துவிட்டார். குழாய்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் சுற்றி வைத்திருக்கிறீர்கள். பிடியே இல்லாத அலமாரி ஒன்றின் முன்னால் எப்படித் திறப்பது என்று தெரியாமல் நின்றேன். லேசாக அழுத்தினால் தானே திறக்கும் என்று வாட்ச்மேன் சொன்னார். சுவருக்கும் தரைக்கும் நடுவில் விரல் கனத்துக்கு ஒரு இடைவெளி விடச் சொன்னீர்களே, நேராக வரவில்லை என்று மூன்று தடவை உடைத்துப் பூசினாரே, அதைத் தடவிப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூடக் கோணல் இல்லை.

அப்புறம் பால்கனியில் அவருடைய டேப்பை வைத்து அளந்தேன். சுவரிலிருந்து விளிம்பு வரை எட்டடி. அவர் பையில் இருக்கிற வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தேன். அதில் ஆறடி என்று போட்டிருக்கிறது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எண் தெரியும்.

கம்பிக் கணக்குப் போட்டுக் கொடுத்த இன்ஜினியருக்கு அது எட்டடி என்று தெரியுமா? வேறு எதுவும் எழுத வேண்டாம். தெரியும், தெரியாது, இரண்டில் ஒன்று எழுதுங்கள்.

மேஸ்திரியின் மனைவி

*

மார்ச் 8

அம்மா அவர்களுக்கு,

எங்கள் அலுவலகம் கொடுத்த எந்த வரைபடத்திலும் எட்டடி இல்லை. தாங்கள் பார்த்ததும் அதைத்தான் காட்டுகிறது. தளத்தில் அளவு மாறியிருந்தால் அது கட்டுபவர் தரப்பில் நடந்த மாற்றம். அதற்கு எங்கள் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் எதுவும் கிடையாது.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தளத்தில் சில சமயம் அப்படி நடப்பதுண்டு. ஆனால் தாங்கள் அளவு மாறிய இந்த விஷயத்தை வெளியே பேசினால் முதலில் கெடுவது தங்கள் கணவரின் பெயர்தான். தங்கள் கொழுந்தனாருக்கு எங்களுடைய அடுத்த இரண்டு வீடுகளையும் கொடுக்க எண்ணியிருக்கிறேன். அவர் தனியாகத் தலையெடுக்க வேண்டிய நேரம் இது. அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வேலைகள் முடியும்வரை தாங்கள் தளத்துக்கு வராமல் இருப்பது நல்லது. வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டேன்.

ஆர்க்கிடெக்ட்

*

மார்ச் 9

சாருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை எனக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். மூன்றாவது தடவைதான், நன்றாகவே புரிந்திருக்கிறது என்று தெரிந்தது. செத்தவர் தலையில் போட்டுவிட்டீர்கள்.

நான் அங்கேதான் நின்றேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. தண்ணீர் விடுகிற பொம்பளை நிற்பதை யாரும் பார்ப்பதில்லை. டிசம்பரில், மாடி உயரத்துக்கு பால்கனிக்குக் காங்கிரீட் ஊற்றப் பலகை அடித்து முடித்த அன்றைக்கு. நான் தூணுக்குச் சுற்றின சாக்கை நனைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரம்மா வந்து பார்த்துவிட்டு, இங்கே ஒரு வட்ட மேசை போட்டு ஆறு பேர் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கார் கிளம்புகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே நின்றீர்கள். அப்புறம் இவர் பக்கம் திரும்பினீர்கள்.

"அண்ணே, ஒரு ரெண்டடி நீட்டிடலாமா?"

இவர் தலையைச் சொறிந்தார். "இன்ஜினியரை ஒரு வார்த்தை கேட்டுடலாமே தம்பி."

"கேட்டா தூண் போடும்பாரு. தூண் வந்தா இந்த வீடே போச்சு. நீங்க கம்பியைக் கொஞ்சம் நெருக்கிக் கட்டுங்கண்ணே. உங்களுக்குத் தெரியாததா?"

அந்தக் கடைசி வார்த்தை இருக்கிறதே, அதைச் சொன்னால் போதும், அவரை எதற்கும் இழுத்துவிடலாம் என்று உங்களுக்குத் தெரியும். வேறு யாரிடமாவது முடியாது என்று சொல்லியிருக்கிறார். உங்களிடம் சொன்னதில்லை. ஆட்கள் முதுகுக்குப் பின்னால் அவரை சரி மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள், எதைக் கேட்டாலும் சரி சரி என்பாரே, அதற்காக. அவர் சரி என்றார். நீங்கள் நீலச் சாக்பீஸை எடுத்து, புதுப் பலகை எதுவரை வர வேண்டும் என்று உங்கள் கையால் கோடு போட்டீர்கள். கையைத் தட்டிவிட்டு, டீ குடிக்கலாமா அண்ணே என்றீர்கள்.

எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் இல்லை என்கிறீர்கள். எப்படி இருக்கும்? படிக்கட்டு மாறினதும் பேச்சுதான், ஜன்னல் மாறினதும் பேச்சுதான். சிமெண்டுச் சாக்குப் பேப்பரில் வரைந்து காட்டிவிட்டு அதிலேயே கை துடைத்துப் போட்டுவிடுவீர்கள். பதினோரு வருஷம் இரண்டு பேரும் பேசிப் பேசியே வீடு கட்டினீர்கள். நன்றாக வந்தபோதெல்லாம் அது ஆர்க்கிடெக்ட் கட்டின வீடு. இப்போது மட்டும் கட்டுபவர் தரப்பு.

அதனால்தான் நான் போனில் பேசாமல் எழுதுகிறேன். உங்கள் ஆபீசில் எழுதின முதல் கடிதத்தைத் தவிர ஒவ்வொரு கடிதத்தையும் நோட்டில் ஒரு தடவை எழுதி வைத்துக்கொண்டுதான் உங்களுக்கு அனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கிறது. முட்டுகளைப் பிடுங்க அடியில் போய் நிற்கப் போகிறவன் என் கொழுந்தன். ஏழு வயசிலிருந்து என் கையால் சோறு தின்றவன்.

மேஸ்திரியின் மனைவி

*

மார்ச் 11

அண்ணிக்கு,

படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள்.

ஆமாம், நான்தான் கேட்டேன். கோடு போட்டதும் நான்தான். 8ஆம் தேதி எழுதியதை என் அலுவலக வக்கீல் பார்த்துத் திருத்தினார். அதற்காக நான் வெட்கப்படாமல் இல்லை.

ஆனால் நடைமுறையை யோசியுங்கள். இன்ஜினியரை இப்போது கூப்பிட்டால் முதல் வேலையாக உரிமையாளருக்கு எழுதுவார். அவர் வழக்குப் போடாமல் விட மாட்டார். என் அலுவலகத்தை மூட வேண்டியதுதான். என்னிடம் வேலை பார்க்கும் பதினான்கு பேர் தெருவில் நிற்பார்கள். உங்கள் கொழுந்தனை இந்த ஊரில் ஒரு ஆர்க்கிடெக்டும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்.

நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். காங்கிரீட் போடுவதற்கு முதல் நாள் வந்து கம்பியைப் பார்த்தேன். அண்ணன் நான் சொன்னபடி நெருக்கிக் கட்டியிருந்தார், சொன்னதற்கும் மேலேயே. அந்தக் கம்பிக்கு எட்டடி நிற்கும். முட்டுகளை விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாக, மெதுவாகத் தளர்த்தச் சொல்கிறேன். நானும் பக்கத்தில் இருப்பேன்.

அண்ணன் வேலை மேல் எனக்குப் பூரண நம்பிக்கை இருக்கிறது. உங்களுக்கு இல்லையா?

*

மார்ச் 12

சாருக்கு,

இந்தக் கடிதத்தை அந்தப் பெண்ணிடம் கொடுக்கும்போது, மீட்டிங்காக இருந்தாலும் உள்ளே போய் உங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் படித்தேன் என்று சொல்லி அனுப்புகிற வரைக்கும் வெளியே உட்கார்ந்திருப்பேன்.

அண்ணி என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் பால்கனியைப் பாருங்கள், முறையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அவர் வேலை மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் இத்தனை நாள் பார்த்தேன். தேதியைத் தள்ளினால் போதும், இன்ஜினியர் ஒருதரம் வந்தால் போதும், அவரே கண்டுபிடித்துக்கொள்வார், என் வாயால் வர வேண்டாம் என்று நினைத்தேன். நீங்கள் விடவில்லை.

முதல் நாள் நீங்கள் வந்து பார்த்தபோது கம்பி சரியாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் காங்கிரீட் பம்ப்புக்கு வசதியாகப் பலகை போட வேண்டும் என்று மேல்கம்பியைத் தாங்குகிற சேர் கம்பிகளை எல்லாம் உருவிக் கீழே வைத்திருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியும், நாற்காலி மாதிரி வளைத்த குட்டிக் கம்பி. அது இருந்தால்தான் மேல்கம்பி மேலே நிற்கும். இல்லாவிட்டால் ஆள் மிதிக்க மிதிக்கக் கீழே போய்விடும். வெளியே நீட்டின தளத்துக்கு மேல்கம்பிதான் உயிர் என்று அவர் நூறு தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

காங்கிரீட் லாரி வருவதற்குள் திருப்பி வைத்துவிடலாம் என்று இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அவருக்கு நெஞ்சு வலித்தது. யாரிடமும் சொல்லாமல், பேங்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் போய்விட்டார். வேலையைத் தன் தம்பியிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். லாரி சீக்கிரமே வந்துவிட்டது. டிரைவர் அவசரப்படுத்தினான். கொழுந்தனுக்கு அந்த அவசரத்தில் சேர் கம்பி ஞாபகத்திலேயே இல்லை. ஊற்றிவிட்டான். இவர் திரும்பி வந்தபோது ஊற்றி முடித்து மேலே மட்டம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே மணலுக்குப் பக்கத்தில் சேர் கம்பியெல்லாம் குவியலாகக் கிடந்தது.

அதை ஒரு சாக்கில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கட்டிலுக்கு அடியில் தள்ளினார். எதற்கு இந்தத் துருக் கம்பியை வீட்டுக்குள் கொண்டுவருகிறீர்கள் என்று சத்தம் போட்டேன். "இது இங்க இருக்க வேண்டியது இல்ல. பால்கனிக்குள்ள இருக்க வேண்டியது" என்றார். அப்புறம்தான் எல்லாம் சொன்னார்.

அன்றைக்கே உங்களிடம் சொல்லச் சொன்னேன். சொல்கிறேன் என்றார். தம்பிக்கு இப்போதுதான் நாலு பேர் மேஸ்திரி என்கிறார்கள், ஆர்க்கிடெக்டிடம் சொன்னால் அவன் பெயர் முளையிலேயே போய்விடும் என்றார். நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று பதினைந்து நாள் போனது. டாக்டர் கொடுத்த மாத்திரைச் சீட்டும் சட்டைப் பையிலேயே மடித்த மடிப்போடு இருந்தது. கொழுந்தனுக்குத் தெரியக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துச் சொன்னார். அவனுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன நினைப்பான் என்று உங்களுக்கே தெரியும். என்னால்தான் அண்ணன் போனார் என்று நினைப்பான். அதற்குப் பயந்துதான் நான் அவனிடம் காரணம் சொல்லாமல் எடுக்காதே எடுக்காதே என்று மட்டும் கத்திக்கொண்டிருந்தேன்.

இப்போது எழுதிவிட்டேன். இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். மேஸ்திரி பெண்டாட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறாள், தப்பு அவர்கள் பக்கம்தான் என்று சொல்லிவிடலாம். இரண்டடி என்ற பேச்சே வராது. அது தெரிந்துதான் தருகிறேன். நாளை மறுநாள் அவனை அதற்கு அடியில் நிற்க விடாதீர்கள்.

மேஸ்திரியின் மனைவி

*

மார்ச் 12, மாலை

அண்ணிக்கு,

படித்தேன். முட்டுகளைத் தொட வேண்டாம் என்று உங்கள் கொழுந்தனிடம் போனில் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. பால்கனிக்கு அடியில் யாரும் போகாதபடி தகரம் வைத்து அடைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்ஜினியர் 18ஆம் தேதி வருகிறார்.

உங்கள் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

*

மார்ச் 14

சாருக்கு,

தகரம் வைத்திருப்பதைத் தெருவிலிருந்தே பார்த்தேன். கேட்டுக்குள் வரவில்லை.

பத்திரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்காகப் பத்திரமா, உங்களுக்காகப் பத்திரமா என்று தெரியவில்லை. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கொழுந்தனுக்குச் சோறு போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிறேன். "என்ன அண்ணி, நீங்க கேட்டபடி முட்டு நிக்குது, இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க" என்று கேலி செய்கிறான்.

18ஆம் தேதி என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் எழுதுங்கள்.

*

மார்ச் 19

அண்ணிக்கு,

ஒன்று விடாமல் எழுதச் சொன்னீர்கள்.

இன்ஜினியர், நான், உரிமையாளர், உங்கள் கொழுந்தன், நாலு பேரும் இருந்தோம். இன்ஜினியர் கம்பி இருக்கும் ஆழத்தைக் காட்டும் ஒரு சின்ன மெஷினைத் தளத்தின் மேல் தள்ளிக்கொண்டு போனார். மேலிருந்து ஒன்றரை அங்குலத்தில் இருக்க வேண்டிய கம்பி நாலு அங்குலத்துக்குக் கீழே காட்டியது. அங்குமிங்கும் அல்ல, எல்லா இடத்திலும். அவர் முட்டுகளை எண்ணினார். பிறகு, இதை எடுத்திருந்தால் எடுத்த அன்றைக்கே தளம் கீழே வந்திருக்கும் என்றார். உங்கள் கொழுந்தன் விளிம்பை விட்டு நகர்ந்து உள்ளே போய் நின்றுகொண்டார்.

அடுத்து இன்ஜினியர் டேப்பை எடுத்தார். எட்டடி. நான் ஆறடிக்குத்தானே கொடுத்தேன், யார் நீட்டச் சொன்னது என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் உங்கள் கொழுந்தன், "அண்ணன் சொல்லித்தான் சார் நீட்டினோம்" என்று சொல்லிவிட்டார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் பொய் சொல்லவில்லை. உரிமையாளர், செத்துப்போன ஆளை நான் என்னத்தைக் கேட்பது என்று தலையில் அடித்துக்கொண்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

உங்கள் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்கவும் இல்லை. எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. நான் ஒரு வார்த்தையும் பேசாமலே எல்லாம் அண்ணன் மேல் போய்விட்டது.

கம்பி கீழே கிடப்பதால் தளம் தனியாக நீட்டி நிற்காது, முன் விளிம்பில் இரண்டு தூண் கொடுத்தால் நிற்கும் என்கிறார் இன்ஜினியர். உடைக்க வேண்டாம். தூண்கள் பலம் பிடிக்கும்வரை முட்டுகள் இருக்கும். ஆபத்து தீர்ந்தது. நீங்கள் கேட்டது அதுதான், அது நடந்துவிட்டது.

இதை எழுதாமல் இருந்திருக்கலாம். உங்களுக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. நேற்றிலிருந்து கையில் ஒரு வேலையும் ஓடவில்லை.

*

மார்ச் 20

சாருக்கு,

எழுதினீர்களே, அதுவரைக்கும் சரி.

அவன் உயிர் தப்பியது. நான் கேட்டது நடந்துவிட்டது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆனால் இன்னொன்று கேட்கிறேன். இதற்கு முன்னால் கேட்க எனக்குத் தைரியம் இல்லை, கையில் பிடித்திருந்தது ஒரு உயிர்.

வேலை முடிந்தபின் ஒரு வரைபடம் போடுவீர்களே, முதலில் நினைத்தது எப்படி என்று இல்லாமல், கடைசியில் கட்டினது எப்படி என்று காட்டுகிற படம். பின்னால் யாராவது சுவரை இடிக்கவோ துளை போடவோ வந்தால் அதைத்தான் பார்ப்பார்கள், அதில் பொய் இருக்கக் கூடாது என்று அவர் சொல்வார். கண்ணாடி வீட்டுக்கு அதைப் போடுங்கள். பால்கனியை எட்டடி என்று போடுங்கள். கம்பி நாலு அங்குலம் கீழே என்று போடுங்கள். யார் நீட்டச் சொன்னது, யார் சேர் கம்பி வைக்காமல் விட்டது என்று இரண்டையும் பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் பக்கத்துத் தப்பை மறைக்கச் சொல்லவில்லை. அதை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் பக்கத்தையும் அதே மையில் எழுதுங்கள்.

என் நோட்டில் எல்லாம் இருக்கிறது, உங்கள் 11ஆம் தேதிக் கடிதம் உட்பட. கிழிக்கச் சொன்னீர்கள், கிழிக்கவில்லை. கண்ணாடி வீட்டின் சொந்தக்காரரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கலாம். கொடுக்க மாட்டேன். நான் கொடுத்து வருகிற உண்மை என் வீட்டுக்காரருக்கு வேண்டாம். நீங்கள் எழுதித் தாருங்கள்.

மேஸ்திரியின் மனைவி

*

மார்ச் 27

அண்ணிக்கு,

வரைபடத்தின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். வலது பக்கக் கீழ் மூலையில் இரண்டு வரி இருக்கிறது. உங்களுக்காகத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.

'பால்கனி ஆறடியிலிருந்து எட்டடியாக நீட்டப்பட்டது ஆர்க்கிடெக்டின் வாய்மொழிச் சொல்லின்பேரில். இன்ஜினியரைக் கேட்கவில்லை.'

'மேல்கம்பி தாங்கிகள் வைக்காமல் காங்கிரீட் போடப்பட்டது. பொறுப்பு: மேஸ்திரி.' அங்கே அண்ணனின் முழுப் பெயரையும் போட்டிருக்கிறேன்.

முதல் வரியை உரிமையாளரிடம் நேரில் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு என்னை வெளியே போகச் சொன்னார். மீதி வேலையை வேறொரு அலுவலகம் முடிக்கும். பத்திரிகைக்காரர்களை நானே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் கொழுந்தன் தூண் வேலையை முடிக்கலாம், இன்ஜினியர் மேற்பார்வையில், என்று அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது.

வரைபடத்தில் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டுவிட்டேன். இன்ஜினியர் போட்டுவிட்டார். கட்டுபவர் தரப்பில் உங்கள் கொழுந்தன் போட வேண்டும்.

*

மார்ச் 29

சாருக்கு,

வரைபடம் வந்தது. கட்டிலில் விரித்து வைத்துப் பார்த்தேன்.

கண்ணாடி வீட்டுக்கு மட்டும் அவர் பையில் நாற்பது வரைபடம் இருந்தது. எல்லாவற்றிலும் மூலையில் உங்கள் பெயர் இருக்கும், இன்ஜினியர் பெயர் இருக்கும், வீட்டுக்காரர் பெயர் இருக்கும். கட்டினவர் பெயர் ஒன்றிலும் இல்லை. ஒன்பது வீட்டிலும் அப்படித்தான். முதல் தடவையாக இப்போது வந்திருக்கிறது, ஒரு தப்புக்குப் பக்கத்தில். கொஞ்ச நேரம் அதில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதில் கையெழுத்துப் போட வேண்டியவன் என் கொழுந்தன். படிக்காமல் போடு என்று சொல்ல முடியாது. நேற்று அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். சாக்கை இழுத்து வெளியே வைத்தேன். அவன் அதைப் பார்த்ததும் கையைக் காட்டி நிறுத்தினான்.

"எனக்குத் தெரியும் அண்ணி. மெஷின் காட்டின அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. சேர் கம்பி வைக்காதது நான்தான்."

பத்து நாளாகத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியக் கூடாது என்று அவன் மறைத்திருக்கிறான். அவனுக்குத் தெரியக் கூடாது என்று நான் மறைத்திருக்கிறேன். ஒரே வீட்டில் சோறு போட்டுக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இரண்டு பேரும் இதே வேலையைச் செய்திருக்கிறோம். அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டான். சாக்கு எப்படி இங்கே வந்தது என்று அவனே யோசித்துக்கொண்டான், நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நான் பயந்த அந்த வார்த்தையைத்தான் சொன்னான், என்னாலதான் அண்ணன் போனாரு என்று. வலி வந்தபின் ஊற்றின காங்கிரீட்டால் வலி வரவில்லை, மாத்திரை வாங்காதது அவர் செய்தது, அதைக் கவனிக்காதது நான் செய்தது என்று சொன்னேன். நம்பினானா தெரியாது. சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அப்புறம் வரைபடத்தை எடுத்து அந்த இரண்டாவது வரியைப் படித்தான். கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டான். "அண்ணன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போடச் சொல்லுங்க. அவர் அங்க இல்லவே இல்ல. அவர் பேர்ல இதை நான் எழுதித் தர மாட்டேன்." உனக்கு இனி யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள் என்றேன். கொடுக்கிறவன் கொடுக்கட்டும் என்றான்.

அவன் சொல்வது சரிதான். ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன். அவர் பெயரை மொத்தமாக எடுத்துவிட்டால் அதுவும் பொய்யாகிவிடும். அதனால் இப்படி மாற்றி எழுதுங்கள். சேர் கம்பி வைக்காமல் விட்டது தம்பி. தெரிந்தும் பதினைந்து நாள் சொல்லாமல் இருந்தது மேஸ்திரி. அதற்குப் பின்னால் நாற்பத்தேழு நாள் சொல்லாமல் இருந்தது மேஸ்திரியின் மனைவி என்று ஒரு வரியும் போடுங்கள். மூலையில் இடம் இல்லை என்றால் எழுத்தைச் சின்னதாக்குங்கள்.

மாற்றி அனுப்பினால் அவன் கையெழுத்துப் போடுவான். நானும் போடுகிறேன்.

தம்பியைக் காட்டிக்கொடுத்துவிட்டாயே, ஆர்க்கிடெக்ட் பிழைப்பையும் கெடுத்துவிட்டாயே என்று அவர் இருந்திருந்தால் என்மேல் கோபப்பட்டிருப்பார். இரண்டு நாள் சாப்பிடாமல், பேசாமல், கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போயிருப்பார். கோபப்படவாவது அவர் இருந்தால் தேவலை என்று இருக்கிறது, சார்.